எடை ஏறிய குழந்தை, பால் இல்லை என்று அழுத தாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டா மாவட்டம் ஒன்றில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் சமூகப் பணியாளராக இருந்தபோது நான் நேரில் பார்த்த, பேறுகால மனச்சோர்வு (பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வு) பற்றிய நிகழ்வு இது. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கிராம சுகாதார செவிலியர்களையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதினாலும், வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருக்கும் யாருக்கும் இது பயன்படும்.

பின்னணி

வயது 24. பி.காம். படித்தவர். திருமணமாகி இரண்டு ஆண்டுகள். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அது நடந்து ஒரு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம். இம்முறை பத்தாவது வாரத்திலேயே பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கியாயிற்று. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி என எல்லாம் ஒழுங்காக நடந்தன. முன்பு கரு கலைந்தது அட்டையில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது உடல் சார்ந்த குறிப்பாக மட்டுமே இருந்தது. கழிவறைக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்தே ஒன்பது மாதங்களையும் கழித்ததாகப் பின்னால் சொன்னார். அதை அப்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் விடுமுறையில் வந்த கணவர் வளைகாப்பு முடிந்ததும் திரும்பிப் போய்விட்டார். வலி எடுத்துப் பல மணி நேரம் ஆன பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று அவசரமாக சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை, எடை 2.6 கிலோ. மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை தெரிந்ததால் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். தாய் கீழ்த்தளத்து வார்டில், குழந்தை மேலே. தையல் வலியோடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுவரைப் பிடித்தபடி மாடி ஏறிப் போய்ப் பால் கொடுத்தார். அங்கே பால் சுரக்கவில்லை என்று ஒருமுறை கடிந்து சொல்லப்பட்டது. அது சரியான தகவலும் இல்லை. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் முழுமையாக இறங்க ஓரிரு நாள் கூடுதலாக ஆவது வழக்கம். ஆனால் அந்தச் சொல் அவர் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். தாய் வீடு. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு என்று அம்மா குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். பெண் அழுவதைப் பார்த்தபோது, "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். முதல் வாரத்தைப் பொறுத்தவரை அது தப்பான பேச்சில்லை. பிரசவமான மூன்றாம், ஐந்தாம் நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் தாய்மார்களில் பாதிப் பேருக்கு மேல் நடக்கும். இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். இவருக்கு அடங்கவில்லை. மூன்றாம் வாரம் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதன்பின் மருந்துக் கடையில் சொன்னதைக் கேட்டுப் பால் பவுடரும் வாங்கிவந்து, இரவில் ஒரு வேளை கொடுக்கத் தொடங்கினார்கள்.

தடுப்பூசி நாளில் கண்டது

ஆறாவது வாரத் தடுப்பூசிக்காக ஒரு புதன்கிழமை குழந்தையைக் கொண்டுவந்தார்கள். எடை 3.8 கிலோ. பவுடர் கொடுப்பதற்கு முன், 21-ஆம் நாள் வீட்டுக்குப் போனபோது செவிலியர் எடுத்த எடை 2.9 கிலோ. அதாவது தாய்ப்பாலை மட்டும் குடித்தே குழந்தை பிறந்த எடையைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் கழிக்கிறது. பால் போதவில்லை என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

செவிலியர் மகிழ்ச்சியாக, "பாப்பா நல்லா ஏறியிருக்காம்மா" என்றார். அந்தப் பெண் நிமிரவே இல்லை. "எனக்குப் பால் இல்ல சிஸ்டர். இது பட்டினி கிடக்குது" என்றார். அட்டையைத் திறந்து எடையைக் காட்டியும் அதே பதில். ஊசி போட்டபோது குழந்தை வீறிட்டது. தாய் கையை நீட்டவில்லை. பாட்டிதான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தாயின் ரவிக்கையின் இருபுறமும் பால் கசிந்து நனைந்திருந்தது.

பதினெட்டு வருட அனுபவம் உள்ள செவிலியர் அவர். பால் கசிந்துகொண்டிருக்கையில் பால் இல்லை என்று ஒரு பெண் அழுதால், கேட்கவேண்டியது பாலைப் பற்றி இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. அந்த வாரம் நான் அங்கே வரும் நாள் வெள்ளிக்கிழமை. அதுவரை காத்திருக்காமல் அன்றே எனக்குப் போன் செய்து வரச்சொன்னார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு அதுதான் என்பேன்.

தனியாகப் பேசியது

எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தனியாக உட்கார்ந்து பேச இடம் கிடைப்பது பெரும்பாடு. தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கும் அறையில் இரண்டு நாற்காலி போட்டோம். பாட்டியை வெளியே இருங்கள் என்று சொன்னால் சந்தேகம் வரும். "குழந்தையின் நீளம் அளக்கணும், கொஞ்சம் தூக்கிட்டு வாங்கம்மா" என்று செவிலியர் அழைத்துப் போனார்.

எடின்பரோ பேறுகால மனச்சோர்வு வினாத்தாளின் தமிழ் வடிவத்தைக் கொடுத்தேன். 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவானது. கடந்த ஏழு நாள் மனநிலை பற்றி பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். உடல் சோர்வு, பசி போன்றவற்றைக் கேட்காது. பிள்ளை பெற்ற எல்லாருக்குமே அவை இருக்கும் என்பதால் வேண்டுமென்றே விடப்பட்டவை. 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு முழுமையாக விசாரிக்க வேண்டும். இவருக்கு 18. தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, காரணமில்லாத பதற்றம், பயம் ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் 9-க்கு 8. பத்தாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. "ஒருபோதும் இல்லை" என்று குறித்து, அதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே இருந்த விடையைக் குறித்திருந்தார்.

அடித்த இடத்தைக் காட்டி, "இதைப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்டேன். தூங்கி எழாமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று சில இரவுகளில் தோன்றுகிறது என்றார். எப்படி என்று யோசித்ததில்லை. வீட்டில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டேன். மாட்டுக்கொட்டகைப் பரணில் இருந்தது. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நல்ல செவிலியர்களே பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்டதும் அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

கிணறு

பிறகுதான் அந்த விஷயம் வந்தது. வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு. குழந்தையோடு அந்தப் பக்கம் போனால், குழந்தை கையிலிருந்து கிணற்றுக்குள் விழுவது போல ஒரு காட்சி மனத்தில் வருகிறது. "நானே போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு அக்கா" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டார். அதனால் துணி காயப்போடக்கூடத் தெருப்பக்கமாகச் சுற்றிப் போகிறார். தனியாக இருக்கும்போது குழந்தையைத் தூக்குவதில்லை. வீட்டில் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கிணற்றடியில் ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்றுதான் மந்திரித்ததே.

இப்படி வேண்டாத காட்சிகள் வலுக்கட்டாயமாக மனத்தில் புகுவது புதிதாகப் பிள்ளை பெற்ற பலருக்கும் நடக்கிறது. வெளியே சொன்னால் குழந்தையைப் பிடுங்கிவிடுவார்கள், பைத்தியம் என்பார்கள் என்று யாரும் வாய் திறப்பதில்லை. இங்கே பிரித்தறிய வேண்டியது ஒன்றுண்டு. அந்த எண்ணம் வரும்போது தாய் நடுங்கி, வெறுத்து, விலகி ஓடுகிறார் என்றால் அது பதற்றத்தின் வெளிப்பாடு. குழந்தையைக் காப்பாற்றத்தான் அவர் சுற்றிப் போகிறார். அப்படியில்லாமல், "இந்தக் குழந்தை சாமி அனுப்பியது", "இது என் குழந்தையே இல்லை, மாற்றிவிட்டார்கள்" என்பது போன்ற நம்பிக்கையோ, காதில் குரல் கேட்பதோ, நாள்கிழமை தெரியாத குழப்பமோ, தூக்கம் இல்லாமலேயே அதீத உற்சாகமோ இருந்தால் அது பேறுகால மனச்சிதைவாக இருக்கலாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இவரிடம் அவற்றில் எதுவும் இல்லை.

"இந்த மாதிரி நினைப்பு வர்ற அம்மாக்கள் நிறையப் பேர். நீங்க பயப்படுறதே நீங்க செய்யமாட்டீங்கங்கறதுக்கு அடையாளம்" என்றேன். நீண்ட நேரம் அழுதார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க."

எடுத்த முடிவுகள்

அதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். கிணற்றுக் காட்சியைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்தால் குழந்தையை அவரிடமிருந்து பிரிப்பார்கள். அது அவர் பயத்தை உறுதிப்படுத்தும். சாக விரும்பும் எண்ணம் வேறு. அதை மறைக்க முடியாது என்று அவரிடமே விளக்கி, சம்மதம் வாங்கி, அவர் முன்னிலையில் பெற்றோரிடம் சொன்னேன். அன்று மாலையே அப்பா பூச்சிமருந்தை வயல் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். நம் கிராமங்களில் நொடி நேரத் துயரத்தை மரணமாக்குவது பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் விஷம். வேறு எந்த ஆலோசனைக்கும் முன்னால் இது நடக்க வேண்டும்.

மருத்துவமனையில் சேர்ப்பதா என்பது அடுத்த கேள்வி. திட்டம் எதுவும் இல்லை, மனச்சிதைவு அறிகுறி இல்லை, வீட்டில் எந்நேரமும் ஆள் உண்டு, மூன்றாம் நாள் திரும்ப வர ஒப்புக்கொண்டார். இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் அன்றே அனுப்பியிருப்போம். அப்படிச் சேர்க்க நேர்ந்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையிலிருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. தடுப்பூசி அட்டையின் பின்புறம் 14416 (டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்), 104 (மருத்துவ உதவி எண்) ஆகியவற்றை எழுதிக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்த்தார். முதலில் ரத்தப் பரிசோதனை. பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவது சோர்வு போலவே தோன்றும். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.1, அதாவது ரத்தசோகை இருந்தது. முன்பு எப்போதாவது அதீத உற்சாகமாக, தூக்கம் தேவைப்படாமல் இருந்ததுண்டா என்று அவரிடமும் அம்மாவிடமும் தனித்தனியே விசாரித்தார். அப்படி இருந்திருந்தால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். அப்படி எதுவும் இல்லை. செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மாத்திரை என்பதால், பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா என்று மட்டும் கவனிக்கச் சொன்னார்.

பால் விஷயத்தில் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. பவுடரை உடனே நிறுத்தச் சொல்லவேண்டும் என்றார் ஒருவர். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது சரியான கொள்கைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏற்கெனவே தோற்றுவிட்டதாக நினைக்கும் ஒருவரிடம் அதைச் சொன்னால் இன்னொரு குற்றப்பத்திரிகை வாசித்தது போலாகும். அப்போது அவருக்கு எல்லாவற்றையும்விடத் தேவைப்பட்டது தூக்கம். ஆகவே இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவர் படுத்துவிடுவது, நடுவில் குழந்தை அழுதால் பீய்ச்சி வைத்த பாலையோ பவுடர் பாலையோ பாட்டி கொடுப்பது, இரண்டு மணிக்கு மேல் தாய் எழுந்து கொடுப்பது என்று ஏற்பாடு செய்தோம். பகலில் குழந்தை பால் குடிக்கும் விதத்தைச் செவிலியர் கூடவே இருந்து பார்த்தார். குழந்தை காம்பை மட்டும் கவ்வியது. கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் கொடுக்கப் பழகியதும் ஒரு வாரத்தில் காம்பு வெடிப்பு ஆறியது.

செவிலியரின் வாராந்திர வீட்டுச் சந்திப்புக்கு, பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் சுகாதாரப் பணிப் பெண்களைக் கொண்டு சோதித்து, 2008-ல் முடிவுகள் வெளியான முறையைப் பின்பற்றினோம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அதைக் கையேடாகவே வெளியிட்டது. தாயின் உடல்நலம், குழந்தையோடு உறவு, சுற்றியுள்ளவர்களோடு உறவு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசி, அடுத்த வாரத்துக்குச் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்றை முடிவு செய்வது. முதல் வாரம் அவர் தேர்ந்தெடுத்தது, மாலையில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு அம்மாவோடு திண்ணையில் அரை மணி உட்காருவது.

அதன்பின் நடந்தவை

சிகிச்சை தொடங்கிய இரண்டாம் வாரம் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு. மூன்றாம் வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இந்த மாத்திரை பால் வழியாப் பிள்ளைக்குப் போயி மூளை மந்தமாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டபோது அவர்களும் வேண்டாம் என்றார்களாம். பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான்காம் வார முடிவில் மதிப்பெண் 15. மருத்துவரே போனில் பேசி, குழந்தை எந்த மாற்றமும் இல்லாமல் எடை ஏறியிருப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகு, மீண்டும் மாத்திரை எடுத்தார். அப்பா தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் தன் கையால் எடுத்துக் கொடுத்தார்.

கணவரிடம் வீடியோ அழைப்பில் நான் பேசினேன். நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார். தினமும் கூப்பிட்டதும் அவர் கேட்கும் முதல் கேள்வி "பாப்பா பால் குடிச்சாளா?" அக்கறையோடு கேட்டதுதான். அவளுக்கு அது பரீட்சையாக இருந்தது. முதலில் மனைவியைப் பற்றிக் கேளுங்கள், நேற்று எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று கேளுங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். ஒப்பந்தம் முடியாமல் ஊருக்கு வர அவரால் முடியவில்லை.

மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. மாமியாருக்கு இந்த வைத்தியத்தில் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம், இப்படியா மாத்திரை சாப்ட்டோம்?" என்றார். அவரை மாற்ற முயன்று நேரத்தை வீணாக்கவில்லை. மாமனாரிடம் பேசி, ஐந்தாம் மாதம் வரை தள்ளிவைத்தோம். நடுவில் மாமியாரை வந்து பேத்தியோடு இரண்டு நாள் தங்கிப் போகச் சொன்னோம். அவர் வந்தார், தங்கினார், குறை சொல்லாமல் போனார். அது போதும்.

சிகிச்சையின் எட்டாம் வாரம் மதிப்பெண் 9. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது 5. அதற்குள் பவுடர் பால் நின்றிருந்தது. நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. கிணற்றுக் காட்சி முழுக்கப் போய்விடவில்லை. எப்போதாவது வருகிறது, வந்தால் போய்விடும் என்று தெரிகிறது என்றார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கிணற்றடியில் துணி துவைக்கிறார். அறிகுறிகள் தணிந்த பிறகும் ஆறு மாதம் மாத்திரையைத் தொடர்ந்து, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. இப்போதைக்கு இன்னொரு குழந்தை வேண்டாம் என்று அவர் உறுதியாக இருக்கிறார். ஆண் வாரிசு பற்றிய பேச்சு புகுந்த வீட்டில் ஓயவில்லை.

மாற வேண்டியவை

2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த தொகுப்பாய்வு, இந்தியாவில் பிள்ளை பெற்றவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்குப் பேறுகால மனச்சோர்வு இருப்பதாக மதிப்பிட்டது. ஐந்தில் ஒருவர். ரத்தசோகையை ஒவ்வொரு வருகையிலும் தேடும் நாம் இதைத் தேடுவதில்லை. கர்ப்பப் பதிவின்போதும் எட்டாம் மாதத்திலும் ஆறாவது வாரத் தடுப்பூசியின்போதும் இரண்டே கேள்வி கேட்டாலே போதும்: கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்து நம்பிக்கையற்றுப் போகிறதா? எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருக்கிறதா? ஆம் என்றால் மட்டும் விரிவான வினாத்தாள். முன்பு கரு கலைந்தவர், கணவர் தொலைவில் இருப்பவர், குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தவர் ஆகியோரிடம் கேட்காமல் விடவே கூடாது. இந்தப் பெண்ணுக்கு மூன்றும் இருந்தன. மூன்றும் பதிவேட்டில் வெவ்வேறு பக்கங்களில் இருந்தன.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்திலேயே தாய்க்கு ஒரு கட்டில் வேண்டும். அறுவை முடிந்த பெண் மாடி ஏறக்கூடாது. அங்கே பால் பற்றிப் பேசும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும்.

பேறுகாலக் கண்காணிப்பு 42-ஆம் நாளோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மனச்சோர்வும் தற்கொலை ஆபத்தும் ஒரு வருடம் வரை நீள்கின்றன. கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் நிகழும் தற்கொலையை நேரடித் தாய் மரணமாகக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் தாய் வருகிறார். அன்றும் அதே இரண்டு கேள்வியைக் கேட்க எங்கள் வட்டாரச் செவிலியர்கள் தாமாகவே தொடங்கியிருக்கிறார்கள். பதிவேட்டில் அதற்கு இடம் இல்லாததால், எடை எழுதும் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்கள். அதற்கென ஒரு கட்டம் அச்சிடக் கேட்டு எழுதியிருக்கிறோம். மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லவேண்டாம் என்பதே அங்கே பேசப்போகும் முதல் விஷயம்.